மஷின்னா இன்னா அர்த்தம்?

இன்னிக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை என் பொழப்புல மண்ணைப் போட்டுடுச்சு.

பழவேற்காடு ஏரியில எங்கம்மா கையால தடவிப் புடிக்கிற எறாவை, சென்னையில ஒரு அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல நான் விக்கிறேன். காலையில அதுல ஒரு மேடம், "உங்க எறா ரொம்ப மஷியா இருந்துச்சு"ன்னு போட்டிருந்தாங்க.

பஞ்சு மாதிரி இருக்குன்னு பாராட்டுறாங்கன்னு நெனைச்சேன். "ரொம்ப நன்றி மேடம்"னு ஹார்ட் வெச்சு பதில் போட்டேன்.

குரூப்பே சிரிச்சுது. என் தங்கச்சி பார்த்துட்டு, "அய்யோ அக்கா, கொழகொழன்னு கெட்டுக் கெடந்துச்சுன்னு சொல்றாங்க"ன்னா.

எனக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. மேடத்துக்கு போன் போட்டு, "எப்போ சமைச்சீங்க மேடம்?"னு கேட்டேன்.

"சனிக்கிழமை வாங்கினதை நாலு நாள் கழிச்சு நேத்துதான் செஞ்சேன். நடுவுல ஃப்ரிட்ஜ் ரிப்பேர்."

"அதையும் குரூப்ல சொல்லிடுங்க மேடம்."

"நீங்களே நன்றி சொல்லி ஒத்துக்கிட்டீங்களே, இப்ப எதுக்கு பேச்சு?"ன்னு போனை வெச்சுட்டாங்க. கொஞ்ச நேரத்துல என்னை குரூப்ல இருந்தே தூக்கிட்டாங்க.

அம்மா ஏரியில இருந்து இடுப்பு வரைக்கும் சேத்தோட வந்துச்சு. "இன்னாடி, நம்ம எறாவைப் பத்தி இன்னா சொல்றாங்க?"ன்னு கேட்டுச்சு.

"மெத்துனு இருந்துச்சாம்மா."

"இருக்காதா பின்ன?"ன்னு சிரிச்சிக்கினே கைகால் கழுவப் போச்சு.

இங்கிலீஷ் தெரிஞ்சவங்க சொல்லுங்க. அந்த மேடம் பண்ணதுக்கும் இப்படி மெத்துனு ஒரு வார்த்தை இருக்குதா?