ஓடையில் கவிழ்த்த குளோரோஃபார்ம்

மலையடிவாரத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஹேமலதா, 2006இல் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியரானார். பசுமைப் பகுப்பாய்வு வேதியியல் அவர் பாடம். குளோரோஃபார்ம் என்ற நச்சுக் கரைப்பானை ஒரு லிட்டர் கேட்கும் சோதனையைச் சில துளிகளில் முடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

ஓடைத் தண்ணீரில் பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்று பார்க்க, மாணவர்களை வாசலூர்பட்டி என்ற கிராமத்துக்கு அழைத்துப் போனார். கூட வந்த துறைத்தலைவர் குணசேகரன் லிட்டர் கணக்கில் ஊற்றும் பழைய முறையில்தான் செய்யவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வேலை முடிந்ததும், மிஞ்சிய குளோரோஃபார்மை அவரே ஓடையில் கவிழ்த்தார்.

"என்ன சார் இது!" ஹேமலதா பதறினார்.

"பஸ்ஸுல நாறுமுங்க மேடம். தண்ணி அடிச்சுட்டுப் போயிருமுங்க."

மாணவர்கள் பார்த்துக்கொண்டே குடுவைகளைப் பெட்டியில் அடுக்கினார்கள். சற்றுக் கீழே குடத்தோடு நின்ற ஊர்க்காரர் மயிலம்மாள், "தண்ணி நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இன்னைக்கு எடுக்காதீங்கக்கா. நாங்களே கெடுத்துட்டமுங்க" என்றார் ஹேமலதா.

மறுநாளே பல்கலைக்கழக நிர்வாகத்துக்குப் புகார் எழுதினார். விசாரணையில் ஒரு மாணவர்கூட வாய் திறக்கவில்லை. ஹேமலதாவின் பணிக்காலம் நீட்டிக்கப்படவில்லை. அடுத்த பருவத்தில் அவருடைய பாடக்குறிப்புகளைத் தன் பெயரில் அச்சடித்துக்கொண்டு குணசேகரன் வகுப்பெடுத்தார். அதைக் கேள்விப்பட்ட ஹேமலதா இன்னொரு புகார் எழுத உட்கார்ந்தார். யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் எழுந்துவிட்டார்.