கால் நனையாதவர்

சாமியாருக்குப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பி வந்தவர் என்றால் எங்கள் பக்கத்துக் கிறித்தவர்கள் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். மணவறையிலிருந்து எழுந்து வந்த மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல. பிலவேந்திரன் சார் அந்தப் பார்வையைப் பதினைந்து வருடமாகச் சுமந்தவர். குருமடத்தில் இறையியல் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அவர் அப்பா இறந்துபோனார். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் கூலியாகச் சேர்ந்து, பெர்மனென்ட் ஆகாமலேயே போய்ச்சேர்ந்த மனுஷன். மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும். ஊருக்கெல்லாம் தந்தையாவதைவிட வீட்டுக்கு மகனாக இருப்பது முதல் வேலை என்று வந்துவிட்டார். இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

நான் திலகவதி. அவர் வேலை பார்த்த கத்தோலிக்கக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். கம்மாபுரத்துக்காரி, மாரியம்மனைக் கும்பிடுகிறவள். பைபிள் எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பிலவேந்திரன் சார் குரலில் கேட்டதுதான். என் அறைக்கு அடுத்த அறை அவர் வகுப்பு.

அவரை அங்கே கொண்டுவந்தவர் ஃபாதர் மதலைமுத்து. குருமடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். இவர் பாதியில் வந்தார், அவர் குருவாகி எங்கள் கல்லூரிக்கே முதல்வராக வந்தார். வந்ததும் பழைய சிநேகிதரைத் தேடிப் பிடித்து, "இந்தப் பாடத்த நடத்த உன்ன வுட்டா ஆளில்ல பிலா. நான் இருக்கேன், வா" என்றாராம். அந்த 'நான் இருக்கேன்' என்ற சொல்லைச் சார் எங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார்! சொல்லும்போதெல்லாம் முகம் மலரும்.

முதலாண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் கிறித்தவ இறையியலும் விவிலியமும் அறிமுகப் பாடமாக உண்டு. வகுப்பில் முக்கால்வாசி சுற்றுவட்டாரத்து விவசாய வீட்டுப் பிள்ளைகள், இந்துக்கள். இதற்கு முன்பு அந்த வகுப்பு நல்ல தூக்கத்துக்குப் பேர்போனது. சார் வந்த முதல் நாளே, "நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா படிச்சிட்டுச் சொல்லணும்" என்றார். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

போன வருடம் யூதாசு செத்த கதை நடந்தது. பைபிளில் மத்தேயு எழுதியதில், இயேசுவைக் காட்டிக்கொடுத்து வாங்கிய காசை யூதாசு கோயிலில் விட்டெறிந்துவிட்டுப் போய்த் தூக்கு மாட்டிக்கொள்கிறான். அந்தக் காசில் குருக்கள் ஒரு நிலம் வாங்குகிறார்கள். அதே பைபிளில் திருத்தூதர் பணிகள் என்ற நூலில், நிலத்தை வாங்குவதே யூதாசுதான். அங்கேயே விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். சார் இரண்டையும் வாசித்து முடித்ததும் கார்முகில் என்கிற பையன் எழுந்தான்.

"சார், அப்ப பட்டா யார் பேர்ல சார் இருக்கு?"

சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைகிற வீட்டுப் பையன், வேறு என்ன கேட்பான்? வகுப்பு கொல்லென்று சிரித்தது. சாரும் சிரித்தார். பிறகு சொன்னார்: "சரியான கேள்விடா. ரெண்டு பேரு ரெண்டு விதமா எழுதி வெச்சிருக்காங்க. ரெண்டும் ஒத்துப்போவாது. ஒத்துப்போற மாதிரி நான் பூசி மெழுக மாட்டேன். ஒவ்வொருத்தரும் எத சொல்ல வந்து அப்டி எழுதினாங்க, அதுதான் பாடம்."

அன்றைக்குக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தவர் ஃபாதர் மதலைமுத்து. வகுப்பைப் பார்வையிட வந்திருந்தார். நேரே எங்கள் அறைக்கு வந்து, "மேடம், பட்டா கேக்குறான் மேடம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். ஒரு மாதம் டீ நேரமெல்லாம் அதே கதைதான். "குருமடத்துல எங்களுக்கு இதத்தான் சொல்லிக்குடுத்தாங்க, பிலா அத கம்மாபுரத்துக்குக் கொண்டாந்துட்டான்" என்பார்.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அதே பாடம் வந்தது. சார் பட்டா கதையையும் அதற்குத் தான் சொன்ன பதிலையும் சேர்த்தே சொன்னார். இயேசு கடைசி இரவில் சீடர்களின் காலைக் கழுவிய இடத்துக்கு வந்தபோது பவித்ரா என்கிற பெண் கேட்டாள். "யூதாசு காலையுமா சார் கழுவுனாரு? காட்டிக்குடுக்கப் போறான்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதாம்மா. அவன மட்டும் தாண்டிப் போவல."

சுவருக்கு இந்தப் பக்கம் நான் என் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிரவின்குமார் என்ற மாணவன் வகுப்பைப் போனில் பிடித்து, 'எங்க சார் வேற லெவல்' என்று ஸ்டேட்டஸ் வைத்தான். பையன் ஆசையாகச் செய்த காரியம். யாரோ ஒரு புண்ணியவான் அதில் 'ரெண்டும் ஒத்துப்போவாது' என்ற வாக்கியத்தை மட்டும் நறுக்கி, பங்குக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். 'வேதத்தைப் பொய் என்கிறார் கல்லூரி வாத்தியார்' என்று தலைப்பு வேறு. பொழுது விடிவதற்குள் நெய்வேலியில் பாதி கிறித்தவர் வீட்டில் அது ஓடியது.

கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவையிலிருந்து மூன்று பெரியவர்கள் விசாரிக்க வந்தார்கள். ஆசிரியர் மன்றச் செயலாளர் என்பதால் என்னையும் முதல்வர் அறையில் உட்காரவைத்தார்கள். போகும் வழியில் சார் கொஞ்சமும் கலங்கவில்லை. "ஃபாதருக்கு எல்லாம் தெரியும் மேடம். அவரே சொல்லுவாரு. வகுப்பு போயிடுமோன்னுதான் பயந்தேன், இப்ப இல்ல" என்றார். அவருக்கு அந்த வகுப்புதான் எல்லாம். குருமடத்தில் விட்டுவந்ததை அங்கேதான் திரும்பப் பெற்றிருந்தார்.

பேரவைத் தலைவர் கேட்டார். "ஃபாதர், இப்டி நடத்துறாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மதலைமுத்து மேசைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அப்பவே நிறுத்தியிருப்பேன்."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. "என்னங்க ஃபாதர், கடைசி பெஞ்சுல உக்காந்துகினு நீங்களும்தான சிரிச்சீங்க? எங்ககிட்ட வந்து சொன்னீங்களே" என்று கேட்டுவிட்டேன். "மேடம், இது எங்க சபை விவகாரம்" என்று தலைவர் என் வாயை அடைத்தார். மதலைமுத்து நிமிரவில்லை. பிலவேந்திரன் சார் என்னையும் பார்க்கவில்லை, பெரியவர்களையும் பார்க்கவில்லை. சிநேகிதர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், இப்போது சொல்வார், இதோ சொல்வார் என்பதுபோல. பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாளே வகுப்பு வேறொருவருக்குப் போனது. சாரை நூலகத்தில் உட்காரவைத்தார்கள். வராந்தாவில் எதிரே வந்த மதலைமுத்து குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் பொறு பிலா, சூடு ஆறட்டும்" என்றார். சார் விலகி நடந்தார். அந்த வகுப்புப் பிள்ளைகள் நூலகத்துக்கு வந்து, "சார், மீதிப் பாடம்?" என்று கேட்கும்போது மட்டும் எழுந்து அலமாரிகளுக்கு இடையில் போய்விடுவார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

பெரிய வியாழன் வந்தது. அன்று மாலைப் பூசையில் குரு, பங்கு மக்களில் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, இயேசு செய்ததுபோல அவர்கள் காலைக் கழுவுவது வழக்கம். இந்த வருடம் பூசை வைப்பவர் மதலைமுத்து. பன்னிரண்டு பேரில் பிலவேந்திரன் பெயரையும் சேர்த்திருந்தார். ஊர் பார்க்கட்டும், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கட்டும் என்ற கணக்கு.

"வகுப்பக் கேட்டா வாளியக் கொண்டாறாரு" என்றார் சார். அவர் மனைவி சலேத்மேரி என்னைக் கூப்பிட்டார். "அக்கா, நீங்களும் வாங்க. போவேங்குறாரு. என்ன பண்ணப்போறாரோ, பயமா கீது."

போனேன். பெண்கள் வரிசையில் முன்னால் உட்கார்ந்தேன். பீடத்துக்கு முன் பன்னிரண்டு நாற்காலி. ஏழாவதில் சார், வெள்ளை வேட்டி, மடியில் கை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு இருந்தார். மதலைமுத்து மேலாடையைக் கழற்றி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டார். கழுத்தோரம் சின்ன மைக். பாடற்குழு பாடியது. ஒவ்வொருவர் முன்னும் மண்டியிட்டு, தண்ணீர் ஊற்றி, துடைத்து, முத்தமிட்டு நகர்ந்து வந்தார். ஏழாவது நாற்காலிக்கு வந்து குனிந்தார்.

சார் காலை நீட்டவில்லை. வகுப்பில் பேசும் அதே குரலில் கேட்டார்.

"ஒரே ஒரு கேள்விதான் சாமி. அன்னைக்கு என் வகுப்புல கடைசி பெஞ்சுல இருந்தது நீங்கதான?"

மைக் அதை வாங்கிக் கோயில் முழுக்கச் சொன்னது. பாட்டு நின்றது. மூன்று பெரியவர்களும் முன் வரிசையில்தான் இருந்தார்கள். மண்டியிட்டிருந்த மதலைமுத்து ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும், இந்த மனுஷனுக்கு வகுப்பும் பேரும் திரும்பக் கிடைத்துவிடும். எனக்கு மாரியாத்தாளை வேண்டிக்கொள்ளத் தோன்றியது. வேண்டிக்கொண்டேன்.

மதலைமுத்து கையைக் கழுத்துக்குக் கொண்டுபோய் மைக்கை அணைத்தார். வாளியை நகர்த்திக்கொண்டு எட்டாவது நாற்காலிக்குப் போனார்.

பாடற்குழு அவசர அவசரமாக மறுபடி தொடங்கியது. மீதி ஐந்து பேருக்கும் ஊற்றித் துடைத்து முடியும்வரை சார் எழவில்லை. அவர் பாதத்தடியில் மட்டும் தரை காய்ந்திருந்தது.

பூசை முடிந்து மந்தாரக்குப்பம் போக ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். சலேத்மேரி அவர் செருப்பைக் கையிலேயே வைத்திருந்தார். நான்தான் பொறுக்காமல், "அவரு மனுஷனே இல்ல சார், வுடுங்க" என்றேன்.

பிலவேந்திரன் சார் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"யூதாசுக்குக்கூட கால் நனைஞ்சுது மேடம்" என்றார்.