நான் போட்ட சிவப்புக் குறி

நான்கு வருடங்களுக்கு முன், ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. கோவையில் எங்கள் ஆய்வகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் களை எடுக்கிற அக்கா பேசினார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க நம்பர் போட்ட மரத்தையெல்லாம் வெட்டறாங்க. உங்களுக்குத் தெரியுங்களா? வரிசையா வாராங்க. ஒண்ணாம் நம்பர் உழுந்துபோச்சுங்க."

டீயை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை.

நான் தாவரச் சூழலியல் ஆராய்ச்சி செய்கிறவள். அந்தத் தோப்பை ஒட்டிய ஓடைக்கரையில் பதினெட்டு இலுப்பை மரங்கள், எல்லாம் பழையவை. இவ்வளவு பெரிய மரங்கள் இருந்தும் அடியில் ஏன் கன்று தங்குவதில்லை என்பதுதான் என் முனைவர் பட்டத்துக்கான கேள்வி. வருடாவருடம் ஒரே இடத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும் என்று, நெஞ்சு உயரத்தில் சிவப்புப் பெயிண்டால் வளையம் போட்டு நம்பரும் எழுதியிருந்தேன். தோப்புக்காரரிடம் அனுமதி வாங்கியதோடு சரி. அங்கே வேலை செய்பவர்கள் யாரிடமும் எதற்கு இந்தக் குறி என்று சொன்னதில்லை. மூன்றாவது வருடம், நான்காம் நம்பர் மரத்தடியில் மட்டும் ஒன்பது கன்றுகள் பிழைத்திருந்தன. மரம் அவற்றின் மேல் விழுந்தால் மூன்று வருட உழைப்பும் அதோடு போய்விடும்.

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் பிடித்தேன். தோப்புக்காரருக்குப் பத்து தடவை அடித்திருப்பேன், எடுக்கவில்லை. அக்காவுக்கு அடித்தால் ரம்பச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. 'ரெண்டும்' என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. எனக்குச் சாதாரணமாகவே பதற்றம் அதிகம், கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். அன்றைக்குக் கேட்கவே வேண்டாம். பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றபோது எழுந்து எழுந்து முன்னால் எட்டிப் பார்த்தேன். கண்டக்டர் இரண்டு தடவை டிக்கெட் கேட்டார் போலிருக்கிறது.

ஆட்டோ பிடித்து இறங்கி ஓடினேன். இரண்டு மரங்கள் சாய்ந்து கிடந்தன. வெட்டிய இடத்தில் பால் வடிந்துகொண்டிருந்தது. மூன்றாம் நம்பர் மரத்தடியில் அந்த அக்கா கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் சோற்றுப் போசி. நான்கு ஆட்கள் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் எழுந்திருக்கக் காத்திருந்தார்கள்.

மேஸ்திரி என்னைப் பார்த்ததும், "சிவப்புப் போட்டதையெல்லாம் வெட்டிப்போடச் சொன்னாருங்க. நம்பர் வேற வரிசையா இருக்குது. நாங்க என்னங்க பண்றது?" என்றார்.

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். தோப்பில் வாடல் நோய் பிடித்த தென்னைகளுக்கெல்லாம் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. அந்தப் பக்கத்தில் சிவப்புப் போட்டால் வெட்டு என்று அர்த்தம். அது எல்லோருக்கும் தெரியும், மரத்தைப் பற்றிப் படித்த எனக்கு மட்டும் தெரியவில்லை. ஒருவழியாகத் தோப்புக்காரர் போனை எடுத்தார். கல்யாண மண்டபத்தில் இருந்தாராம். இலுப்பையைத் தொட வேண்டாம் என்று அவர் சொன்ன பிறகுதான் அக்கா எழுந்தார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நன்றி சொன்னேன். அவர் முகம் கொடுக்காமல் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"மூணு வருசமா உங்களைக் கண்டாலே எனக்கு ஆகாதுங்க. ரோட்டோரப் புளியமரத்துக்கும் இப்படித்தான் நம்பர் போட்டு வெட்டுனாங்க. நீங்களும் அதுக்குத்தான் வாரீங்கன்னு நெனச்சுப்போட்டேன். போன வாரம், பழம் உழுந்தா போன் பண்ணுங்கன்னு நம்பர் குடுத்தீங்கல்ல? வெட்டறவங்க பழத்தைக் கேப்பாங்களான்னு அப்பத்தான் சந்தேகம் வந்துச்சு."

அங்கே குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட யாரும் சரியாகப் பேசாததற்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

ஒன்பது கன்றுகளும் பிழைத்தன, எனக்குப் பட்டமும் கிடைத்தது. இப்போது எங்கே போனாலும் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் அங்கே வேலை செய்பவர்களுடன் உட்கார்ந்து பேசிவிடுகிறேன். என் ஆய்வேட்டில் ஒன்றாம், இரண்டாம் மரங்கள் அழிந்த காரணம் 'தவறுதலாக வெட்டப்பட்டது' என்று அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் நான் அதை 'யாரிடமும் சொல்லவில்லை' என்றுதான் படிக்கிறேன்.