நேரக் கணக்கில்லாத வேலை

செய்தி சேகரிக்க ஒரு வங்கியின் மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினி இருக்கும் அறைக்குப் போயிருந்தேன். திரையில் கணினி செய்துகொண்டிருந்த கணக்கு வேலை ஒன்று பாதியில் நின்றது.

"குடுத்த நேரம் முடிஞ்சா மெஷினே நிறுத்திடும் சார். சிஸ்டத்தோட சொந்த வேலைக்கு மட்டும் நேரக் கணக்கு கெடையாது, அதுக்குத்தான் முதல் எடம்," என்றார் ஆபரேட்டர்.

வெளியே ஜெனரேட்டரைச் சோதித்தார்கள். டீசல் வாசனை வந்தது.

2005, மரக்காணம் உப்பளம். எனக்குப் பத்து வயது. கோடை மழை பெய்திருந்தது. உப்புப் பாத்திகளில் நின்ற மழைத் தண்ணீரை இறைக்க ஒரே டீசல் எஞ்சின், ஆளுக்கு அரை மணி. எங்கள் முறை முடிந்ததும் மேஸ்திரி குழாயை உருவினார்.

"இன்னும் பத்து நிமிஷம் குடுப்பா, உப்பு கரைஞ்சிடும்," என்றாள் அம்மா.

"எல்லாருக்கும் அரை மணிதான்க்கா."

அப்போது பெரிய வாய்க்காலின் கரை உடைந்தது. உடைப்பில் புகுந்த தண்ணீரை இறைக்க எஞ்சினை அங்கே இழுத்துப் போனார்கள். மாலைவரை ஓடியது. மேஸ்திரி கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை.

"இதுக்கு மட்டும் மணி கெடையாதா?"

"கரை போச்சுன்னா எல்லார் பாத்தியும் போச்சுக்கா."

அவர் சொன்னது சரி. அம்மாவும் கரைக்கு மண் சுமந்தாள். திரும்பி வந்தபோது எங்கள் பாத்தியில் உப்பு இல்லை, தண்ணீர்தான் இருந்தது. அவள் கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

நின்றுபோன வேலை யாருடையது என்று ஆபரேட்டரிடம் கேட்டேன்.

"பேரு வராது சார், நம்பர்தான்."

அந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன்.