பலகை மூலையில் கம்லிபாய்

தர்மபுரியில் லேசர் கட்டிங் கடை வைத்திருக்கும் எனக்கு, சுகுணாவைப் போல எரிச்சல் மூட்டிய வாடிக்கையாளர் வேறு யாரும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறேன் என்று அப்புறம் யாரும் சொல்லக் கூடாது.

சிட்லிங்கிப் பக்கம் லம்பாடிகள் குடியிருக்கும் தாண்டாவில் பிறந்தவள். கடத்தூரில் ஒரு பிளக்ஸ் கடையில் எட்டு வருஷம் டிசைனராக இருந்தாள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்தாள். ஒருமுறை பேனரில் ஒரு பங்காளி பெயர் விட்டுப்போய், பத்துப் பேர் கடைக்கே வந்து கத்தினார்களாம்.

அந்த வேலையை உதறிவிட்டு, தாண்டாப் பெண்களின் பாவாடைத் தையலைக் கம்ப்யூட்டரில் வெக்டர் என்கிற கோட்டுப் படமாக்க உட்கார்ந்தாள். அந்தப் படத்தை வைத்து நான் பலகையில் பொடி ஓட்டைகள் போட்டுக் கொடுப்பேன். பிள்ளைகள் அதில் கம்பளி நூல் கோத்து அதே பூவேலையைத் தைக்கலாம். போட்டோ பிடித்துக் கம்ப்யூட்டரிடம் விட்டால் அரை நிமிஷ வேலை. இவள் மாட்டாள். துணியை மடியில் விரித்து, குண்டூசியால் ஒவ்வொரு தையலாக எண்ணிக் கோடு இழுப்பாள். ஒரு பாவாடை ஓரத்துக்குப் பதினோரு நாள்!

"தையல் எந்தப் பக்கம் சாயுதோ, கோடும் அந்தப் பக்கந்தான் சாயணும் பாய்."

"அட போம்மா!" என்பேன்.

ஒவ்வொரு பலகை மூலையிலும் துணியில் அந்தப் பூவேலையைத் தைத்தவர் பெயரைப் பொடி எழுத்தில் போடுவாள். முதல் பலகையில் இருந்தது அவளுடைய பெரியம்மா கம்லிபாயின் தையல்.

போன மாதம் சேலத்திலிருந்து மாதவராஜ் வந்தார். பள்ளிகளுக்குக் கைவேலைப் பெட்டி அனுப்புகிறவர். கம்லிபாய் பலகையைப் பார்த்துவிட்டு இரண்டாயிரம் பலகை வேண்டும் என்றார். எனக்கு வாயெல்லாம் பல். இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் சுகுணா மறுபடி பிளக்ஸ் கடைக்குத்தான் போக வேண்டும். அவள் புருஷன் அப்படித்தான் கெடு வைத்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணுங்க. அந்தப் பேரை எடுத்துடுங்க. பெட்டி மேல டிரைபல் ஆர்ட்னு போட்டா போதும். இது யாருன்னு வாங்கறவங்களுக்குத் தெரியவா போவுது?" என்றார் மாதவராஜ்.

"தெரியாதுன்னுதாங்க பேரு போடறது," என்றாள் சுகுணா.

நான் கண்ணைக் காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பினால்தானே!

"சரி, உங்க பேரைப் போட்டுக்குங்க. டிசைன் சுகுணான்னு."

அல்லா கண்ணைத் திறந்துவிட்டான் என்று நினைத்தேன்.

"நான் கோடு போட்டவங்க. தச்சது எங்க பெரியம்மா. காதுகுத்து பேனர்ல மாமன் மச்சான்னு நாப்பது பேரு போட்டிருக்கேன். எடம் பத்தலைன்னு ஒருத்தரும் சொன்னதில்லீங்க. எங்க தாண்டாப் பொம்பள பேரு ஒண்ணே ஒண்ணு வந்தா மட்டும் எடம் இல்லாம போயிடுதா?"

மாதவராஜ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் கத்தாத கத்தல் இல்லை. "மூளை கீளை இருக்கா உனக்கு? நாளைக்கு வூட்ல என்ன சொல்லுவே?" அவள் பலகையைத் துணியில் சுற்றி இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள். என்ன திமிர்!

பத்து நாள் கழித்துப் பென்டிரைவோடு வந்தாள். பகலில் பழையபடி பிளக்ஸ் கடை, வேலை முடிந்த பிறகு இது என்றாள். படத்தைத் திறந்தேன். பூவேலைக்கு நடுவே, பலகையின் முழு அகலத்துக்கும் கம்லிபாய் என்று பெயர். எழுத்தெல்லாம் ஓட்டைகள்.

"என்னம்மா இது?"

"பொடி எழுத்தா இருந்ததாலதான எடுக்கச் சொன்னாரு? இனிமே தைக்கிற கொழந்த அந்தப் பேரையும் சேத்துத்தான் தைக்கணும். போடுங்க பாய்."