பக்கத்து அறை

தையற்காரர் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் தெருவே வாய் பிளந்தது. அவளோ, முதல் நாள் கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்த வகுப்பறையில், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் உட்கார்ந்திருந்தாள். ஒரு எழவும் புரியவில்லை. அப்பா துணி வெட்டும்போது வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. கவனம் சிதறினால் துணி போச்சு. அப்படி வளர்ந்தவள் இங்கும் வாய் திறக்கவில்லை. தன் மண்டையில்தான் களிமண் என்று முடிவுகட்டி, தினமும் அதே அறையில் உட்கார்ந்திருந்து, கழிப்பறையில் அழுதுவிட்டு வருவாள்.

ஒருநாள் பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: "நீ ஃபர்ஸ்ட் இயர்தானே? இது ஃபைனல் இயர் கிளாஸ்ம்மா. உன் கிளாஸ் பக்கத்து ரூம்!"

போன உயிர் திரும்பி வந்தது. நடைவழியிலேயே அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"இனிமே எல்லாம் சரியாயிடும்ப்பா."

"ஏம்மா, இத்தனை நாள் சரியில்லையா?"

"சும்மா சொன்னேன்ப்பா" என்று வைத்துவிட்டு, பக்கத்து அறையில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

பேராசிரியர் பேசப் பேச எல்லோரும் தலையாட்டினார்கள். அவளுக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. மெல்ல எழுந்து வெளியே வந்து, கதவுக்கு மேலிருந்த பலகையைப் பார்த்தாள். முதலாம் ஆண்டு என்றுதான் போட்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள்.