மறுவீடு வந்த வாட்ச்

முதல் ஷிப்ட் முடிந்து, குளித்து, சாப்பிட்டு, கையை மறுபடி இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு மருதமுத்து கொசுவலைக்குள் நுழைவார். நெய்வேலி குவார்ட்டர்ஸின் சின்ன ஹாலில் நாலு ஆணிகளில் இழுத்துக் கட்டிய இரட்டை வலை அது. உள்ளே ஒரு குட்டை மேசை, ஒரு விளக்கு, ஓர் எவர்சில்வர் தட்டு. இடது கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தால், அந்த லென்ஸையும் இடுப்பு வேட்டியையும் தவிர உடம்பில் வேறொன்றும் இருக்காது. தலைக்கு மேலே ஃபேன் சும்மா தொங்கும். யாராவது மறந்துபோய் அதைப் போட்டுவிடக் கூடாது என்று சுவிட்சின் குறுக்கே பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்.

வலை கரித்தூசிக்காக. பிளாஸ்திரி அவருடைய முன் அனுபவத்துக்காக. எள்ளில் பாதி இருக்கும் ஒரு ஸ்பிரிங், ஃபேன் காற்றில் பறந்துபோய் ரசத்தில் விழுந்துவிட்டது என்பது மருதமுத்துவின் அசையாத நம்பிக்கை. அவர் மனைவி புஷ்பவல்லி ரசத்தைத் துணியில் வடிகட்டிக் காட்டினார். ஸ்பிரிங் இல்லை. ஆனாலும் அன்றைக்கு யாரும் ரசம் ஊற்றிக்கொள்ளவில்லை.

"ஊருக்கெல்லாம் கரண்டு அனுப்புற ஊர்ல, ஓலை விசிறி வச்சிருக்கற ஒரே குடும்பம் நாங்கதான்" என்பார் புஷ்பவல்லி, விசிறிக்கொண்டே.

மருதமுத்துவுக்கு ஐம்பத்து நாலு வயது. சுரங்கத்தில் ஃபிட்டர். மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கரத்தில் அவர் முடுக்கும் போல்ட் ஒவ்வொன்றும் தேங்காய்க் கனம். அங்கே ஒரு போல்ட்டைக் கழற்ற நாலு ஆள் வேண்டும்; இங்கே ஒரு திருகைத் தேட நாலு ஆள் வேண்டும். திருகு கீழே விழுந்ததும் வலைக்குள்ளிருந்து "யாரும் அசையாதீங்க" என்று குரல் வரும். யார் எப்படி இருந்தாலும் அப்படியே நிற்க வேண்டியதுதான். ஒருமுறை தபால்காரர், கையெழுத்துக்கு நீட்டிய பேனாவோடு வாசலில் கால்மணி நேரம் நின்றார். திருகு மருதமுத்துவின் முழங்காலில், வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் கட்டிக்கொண்டிருந்தது ஒரு குரோனோகிராஃப்: மணி காட்டுவதோடு, மேல் பொத்தானை அழுத்தினால் ஓட்டப் பந்தயத்துக்கு நேரம் பிடித்துச் சொல்லும் வாட்ச். கீழ்ப் பொத்தானை அழுத்தினால் பெரிய முள் சுழன்று பழையபடி பன்னிரண்டில், அதாவது பூஜ்யத்தில், வந்து நிற்க வேண்டும். எண்பதுகளில் துபாய் போய்வந்த ஒருவரின் கையில் உயிரை விட்ட ஜப்பான் வாட்சிலிருந்து எந்திரம் வந்தது. வெளிக்கூடு பர்மா பஜாரில் ஒரு பிஸ்கட் டின்னின் அடியில் கிடைத்தது. முகப்பு, இன்டர்நெட்டில் ஏலம் எடுத்து மணிலாவிலிருந்து தபாலில் வந்தது. மேல் பொத்தான் வெள்ளி நிறம். கீழ்ப் பொத்தான் லேசாக மஞ்சள். பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வரும் அவர் ஷிப்ட் தோழர் சிங்காரவேல் இதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணே, இது வாட்ச்சு இல்ல. கூட்டணி. எப்ப கவுறும்னே சொல்ல முடியாது."

இவ்வளவு பாடுபட்டவர் தன் கையில் வாட்ச் கட்டுவதில்லை. ஷிப்ட் பஸ் வரும் நேரத்துக்குப் பக்கத்து வீட்டு எஃப்.எம். ரேடியோவைத்தான் நம்பியிருந்தார்.

வாட்ச் மாப்பிள்ளைக்கு. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்ச்சும் போடுவது வழக்கம். மற்றவர்கள் கடைக்குப் போய் வாங்குவார்கள். மகள் சண்முகப்ரியாவின் நிச்சயதார்த்தத்தில் மருதமுத்து சபையில் எழுந்து, "மோதிரம் கடைல எடுத்தாச்சு. வாட்ச்ச மட்டும் என் கையால செஞ்சு போடுறேன்" என்று அறிவித்தார். மாப்பிள்ளை அஸ்வின் பேங்க் உத்தியோகஸ்தர், சாது. "எனக்கு ஃபோனே போதும் மாமா" என்று மெதுவாகச் சொன்னது மேளச் சத்தத்தில் அமுங்கிவிட்டது.

2014ஆம் ஆண்டு வைகாசியில் கல்யாணம். வரவேற்பு மேடையில் வாட்ச் அஸ்வினின் கையில் ஏறியது. நண்பர்கள் கேட்டார்களே என்று அவர் பொத்தான்களை அழுத்திக் காட்டினார். முள் சுழன்று வந்து, பன்னிரண்டைத் தாண்டி இரண்டு வினாடி தள்ளி நின்றது. பந்தியில் பாயசம் கவனித்துக்கொண்டிருந்த மருதமுத்து மேடை ஏறினார். "ஒரு நிமிஷம் மாப்ள, கையக் குடுங்க" என்று வாட்ச்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த ஒரு நிமிஷம் ஆடி மாதம்வரை நீண்டது.

ஆடிக்கு மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்தபோது மறுபடி கட்டிவிட்டார். முள் சரியாக நின்றது. ஆனால் முகப்பும் எந்திரமும் வேறு வேறு குலம் அல்லவா, தேதி தெரியும் சிறு ஜன்னலில் இருபதின் பாதியும் இருபத்தொன்றின் பாதியும் எட்டிப் பார்த்தன. "பேங்க்ல வேலை பாக்கறவருக்குத் தேதி முக்கியம்ல" என்று சாயங்காலமே கழற்றிக்கொண்டார். ஜன்னலை அரத்தால் ராவி நேராக்க ஒன்பது நாள் ஆயிற்று. நேராக்கி மூடும்போது முள் மறுபடி இரண்டு வினாடி தள்ளிப்போயிருந்தது.

நெல்லிக்குப்பத்தில் அஸ்வினின் அம்மா கஸ்தூரியம்மாள் இதைத் தெருவுக்கே விநியோகித்துக்கொண்டிருந்தார். "எங்க சம்பந்தி பொண்ண மறுநாளே அனுப்பிட்டாரு. வாட்ச்ச அனுப்பத்தான் மனசு வரல. அது இன்னும் மறுவூட்லயே குந்திகினு இருக்குது." சண்முகப்ரியா ஃபோனில் இதை அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அம்மாவிடம் சொல்லும்போது சிரிக்கவில்லை.

மறுநாள் புஷ்பவல்லி பஸ் ஏறிக் கடலூருக்குப் போய்த் தங்க நிறத்தில் ஒரு வாட்ச் வாங்கிவந்து பீரோவில் வைத்துப் பூட்டினார். "ஏங்க, தலைதீபாவளி வரைக்கும் பாப்பேன். அன்னிக்கும் உங்க முள்ளு முரண்டு பிடிச்சா, இதுதான் மாப்ள கைல ஏறும். அப்புறம் உங்க கொசுவலைல கொசுதான் இருக்கணும்." சாவி அவர் இடுப்புக்குப் போனது.

நோயைக் கண்டுபிடித்தவர் சிங்காரவேல். சுரங்கத்தில் ஃபிட்டர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. போல்ட்டை முடுக்கிய பிறகு, மனத் திருப்திக்காக இன்னொரு கால் சுற்று. அந்த மனத் திருப்தி இந்த வாட்சில் ஏற்கெனவே மூன்று திருகுகளின் தலையை வாங்கியிருந்தது. முள்ளைப் பொருத்தும்போதும் அதே கதைதான். உட்கார்ந்த முள்ளை மருதமுத்து திருப்திக்காக இன்னொருமுறை அழுத்துவார். அந்த அழுத்தில் அது நகர்ந்துவிடும்.

"முள்ளு சரியாத்தான் நிக்கிது. நீங்கதான் அத நம்பாம அமுக்கிகினே இருக்கீங்க" என்றார் சிங்காரவேல்.

"முப்பது வருஷமா நான் முடுக்குன போல்ட்டு ஒண்ணாச்சும் கழண்டிருக்கா?"

"கழண்டதில்ல. கழட்டறதுக்குள்ள எங்க தாவு கழண்டிருக்குது."

மருதமுத்து தன் கட்டைவிரலை நம்புவதை அன்றோடு விட்டார். தீபாவளிக்கு முந்தின நாள் மதியம், முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்த புஷ்பவல்லியைக் கையைக் கழுவச் சொல்லி வலைக்குள் அழைத்துக்கொண்டார். எதிரே உட்கார்ந்து கணவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வதும், முள் உட்கார்ந்ததும் கையை இழுத்துவிடுவதும் புஷ்பவல்லியின் வேலை. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். முள் உட்கார்ந்தது. விரல் மறுபடி இறங்கப் பார்த்தது.

"போதும்" என்று புஷ்பவல்லி இழுத்துவிட்டார். அடுப்பில் அந்த ஈடு முறுக்கு கருகிப்போனது.

தீபாவளிக் காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டையின் காலரில் மஞ்சள் தடவிக்கொண்டு அஸ்வின் ஹாலில் உட்கார்ந்தார். சண்முகப்ரியா பக்கத்தில் நின்றாள். வலையை ஒரு பக்கமாகச் சுருட்டிவிட்டு மருதமுத்து மூன்றாம் முறையாக வாட்ச்சைக் கட்டினார். தெருவில் யாரோ சரவெடி கொளுத்த, அஸ்வின் மேல் பொத்தானை அழுத்தினார். கடைசி வெடி வெடித்ததும் நிறுத்தினார்.

"நாப்பத்தி ரெண்டு செகண்டு மாமா" என்றார். முதல் முறையாக அவர் முகத்தில் வாட்ச் கட்டியவரின் களை வந்தது.

பிறகு கீழ்ப் பொத்தான். முள் சுழன்று வந்து நின்றது. பன்னிரண்டைத் தாண்டி ஒரு மயிரிழை. லென்ஸ் இல்லாதவர்களுக்கு அது தெரிய நியாயமில்லை, தெரியவும் இல்லை. மருதமுத்து லென்ஸை எடுத்துக் கண்ணில் இடுக்கி, மாப்பிள்ளையின் மணிக்கட்டின் மேல் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. புஷ்பவல்லியின் கை இடுப்புச் சாவிக்குப் போயிற்று. அஸ்வின் அனுபவசாலி; கேட்காமலே வாரின் கொக்கியை நெகிழ்த்த ஆரம்பித்தார்.

"தள்ளியிருக்கா மாமா?"

"ஒரு மயிரிழை" என்றார் மருதமுத்து.

நெகிழ்ந்த கொக்கியை அவரே மறுபடி மாட்டினார். லென்ஸைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். சுவரோரம் போய், சுவிட்சின் மேலிருந்த பிளாஸ்திரியை நகத்தால் உரித்துவிட்டு, ஃபேனைப் போட்டார்.